விடுமுறை அறிவிப்புகள்

தவக்காலத்தின் கடைசி வாரம்
எங்கள் கம்பெனிக்கு வரும் கடிதங்கள் எல்லாம்
ஒன்றையே சொல்லும்:
கடை மூடியிருக்கும், சரக்கு அனுப்ப வேண்டாம்.

பர்கூர் தாண்டி, ஜெகதேவி சாலையில்
தகரக் கூரைக்குக் கீழே
கறுப்புக் கல்லை அறுத்து, இழைத்து,
முகம் தெரியும்வரை தேய்த்து
கல்லறைகளுக்கென்று கப்பலேற்றுகிறவர்கள் நாங்கள்.
பெயர் பொறிப்பது அங்கே.
இங்கிருந்து போகும்போது
யாரும் செத்திருக்க மாட்டார்கள்.

போலந்துக்காரர் திங்களும் வரமாட்டார்.
அன்று அவர் ஊரில்
தெருவில் போகிறவர்மேல்
வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவார்களாம்.
படித்துக் காட்டினேன்.
பாலிஷ் மெஷின் இன்னாசி கேட்டான்:
"லாரித் தண்ணியா, போர் தண்ணியா?"
பங்குனியிலேயே
குடம் பத்து ரூபாய்க்கு வாங்குகிறவன்.

பிரான்சில் பெரிய வியாழனோடு
மணிகள் வாயடைத்துக்கொள்ளும்.
ரோமுக்குப் பறந்து போயின,
ஞாயிறு மிட்டாயோடு வரும் என்று
பிள்ளைகளிடம் சொல்வார்களாம்.
எங்கள் எலத்தகிரியிலும் அன்று மணி கிடையாது,
மரக்கட்டைதான் தட்டுவோம்.
ஆனால் மணி எங்கும் போகாது,
கோபுரத்தில் புறாக்களோடு
சும்மா தொங்கும்.

பின்லாந்தில் பிள்ளைகள்
சூனியக்காரி வேஷம் கட்டி
துளிர்த்த குச்சியை ஆட்டிக்கொண்டு
வீடு வீடாக வருவார்களாம்.
இங்கே வந்தால்
மூன்று நாள் மந்திரித்து அனுப்புவோம்.

கிரேக்கர் மட்டும் வேறு மாதிரி எழுதினார்:
எங்களுக்கு இந்த வாரம் இல்லை,
எங்கள் ஆண்டவர் எழ இன்னும் நாள் இருக்கிறது,
நீங்கள் அனுப்பலாம்.
அவர் எழும் இரவில்
சிவப்பு முட்டையோடு முட்டை மோதி
எவருடையது உடையவில்லையோ
அவருக்கு வருஷம் முழுக்க யோகம்.

ஒரே கல்லறைதான்,
ஆளுக்கொரு தேதியில் திறக்கிறார்கள் என்று
நினைத்துக்கொண்டே
நீளம், அகலம், கனம், எடை
பட்டியலில் ஏற்றினேன்.

சனி இரவு.
கோயில் மைதானத்தில் சாக்குப் படுதாவில் ஒரு மலை.
அதன் வாயில் இன்னாசி செய்த கல்:
தெர்மாகோல்,
மேலே கறுப்புப் பெயிண்ட், சாம்பல் புள்ளிகள்.
பத்தடி தள்ளி நின்றால்
நானே கன மீட்டர் கணக்குப் போட்டுவிடுவேன்.

அவன் அண்ணன் பெலவேந்திரம்
குவாரியில் சரிந்ததற்கு அடியில் போய் நாலு வருஷம்.
கல்லறைத் தோட்டத்தில் அவனுக்கு
மண்மேடு, மரச் சிலுவை,
பெயிண்டில் பெயர்.
கழித்த கல் ஒன்றை எடுத்துக்கொள் என்று
முதலாளியே சொன்னார்.
"அவன்மேல இன்னொரு கல்லா?"
அதற்குப் பிறகு அந்தப் பேச்சு வரவில்லை.

பன்னிரண்டு மணி. வெடி. புகை.
கல் நகர வேண்டும், நகரவில்லை.
இழுக்கும் கம்பி எங்கோ சிக்கிக்கொண்டது.
சாமியார் மைக்கில் இரண்டாம் முறை
அல்லேலூயா தொடங்கினார்.
கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

இன்னாசி படுதாவை விலக்கிக்கொண்டு வந்தான்,
கைலி, காதில் பென்சில்.
ஒற்றை விரலால் தட்டினான்.
கல் உருண்டு, காற்றில் எழும்பி,
முன்வரிசைப் பிள்ளைகள்மேல் விழுந்து
துள்ளித் துள்ளிப் போனது.
கயிற்றில் சுரூபம் ஆடியாடி மேலேற,
மணி அடிக்க,
அந்த நேரத்தில் எங்கே போவதென்று தெரியாமல்
புறாக்கள் சுற்றின.
பிள்ளைகள் கல்லைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள்.
இன்னாசி விரலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

செவ்வாய்க்கிழமை போலந்திலிருந்து கடிதம்,
ஈரம் காய்ந்துவிட்டது போல.
கண்டெய்னர் வந்தது.
நாற்பத்தொரு கல் சரி,
ஒன்று மட்டும் குறுக்கே பிளந்திருக்கிறது.
படிவம் இணைத்திருக்கிறேன்,
காரணம் எழுதவும்.

காரணம் என்ற கட்டத்துக்குள்
கர்சர் விட்டு விட்டு மின்னுகிறது.
பாக்கிங் கோளாறு என்றால்
ராமக்காளின் கூலியில் பிடிப்பார்கள்.
வெளியே இன்னாசி மெஷினைப் போடுகிறான்.
டீ வரட்டும்.